44 வீதம் எண்ட சொல்லுக்கே ஏன் ஷெயார் விழுந்தது? கோண்டாவில் ரீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி (2025 ஆகஸ்ட்):

வணக்கம் தம்பி, நான் கோண்டாவில்ல இருந்து எழுதுறன், பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப் போன வருஷம் பென்ஷன் எடுத்தனான். மருமகன் சொல்லி இந்த வருஷம் (2025) பெப்ரவரியில கொழும்பு ஷெயார் மார்க்கெட்டில எட்டு லட்சத்துக்கு ஒரு உடுப்புக் கொம்பனி ஷெயாரும் ஒரு பாங்க் ஷெயாரும் வாங்கினனான். ஏப்ரல்ல ட்ரம்ப் இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி எண்டு சொன்ன உடன ரெண்டும் விழுந்திட்டுது, நித்திரையே இல்ல, 8ந் திகதி எல்லாத்தையும் வித்துப்போட்டன், கைக்கு வந்தது ஆறேகால் லட்சம். இப்ப வரி 20க்கு வந்திட்டுது, நான் வித்த பாங்க் ஷெயார் வாங்கின விலைக்கு மேல நிக்குது, உடுப்புக் கொம்பனி கொஞ்சம் கீழ. இங்க ஒண்டும் நடக்காமலே ஏன் அப்பிடி விழுந்தது? திரும்ப வாங்கலாமோ, இல்லாட்டிப் பவுனா எடுத்து வைக்கட்டோ? கனடா ஸ்காபரோவில இருக்கிற என்ர தம்பி டொலராவே வை எண்டுறான். இதைவிட முப்பது லட்சம் ஒரே ஒரு ஃபினான்ஸ் கொம்பனியில ஃபிக்ஸட்டில கிடக்கு. அடுத்த வருஷம் வைகாசியில மகளின்ர கலியாணம், அதுக்குப் பன்ரண்டு லட்சம் வேணும்.

பதில் (2025 ஆகஸ்ட்):

ரீச்சர், வணக்கம். உங்கட கடிதத்த மூண்டு தரம் வாசிச்சன். முதல்ல ஒண்டு சொல்லோணும், ஏப்ரல்ல பயந்து வித்தது நீங்கள் மட்டும் இல்ல. ட்ரம்ப் 2ந் திகதி அந்த வரிப் பட்டியலத் தூக்கிப் பிடிச்சுக் காட்டினதுக்குப் பிறகு 3ந் திகதியும் 4ந் திகதியும், ரெண்டே ரெண்டு நாளில அமெரிக்காவின்ர பெரிய கொம்பனியளின்ர ஷெயார் விலையக் காட்டுற எஸ் அண்ட் பி 500 சுட்டெண் 10 வீதத்துக்கு மேல விழுந்தது, அங்க இதையே தொழிலாச் செய்யிற ஆக்களும் வித்துக்கொண்டு தான் ஓடினவை. கொழும்பில 7ந் திகதி திங்கட்கிழமை இங்கத்தப் பெரிய 20 கொம்பனியளின்ர எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 5 வீதத்துக்கு மேல இறங்கினபடியா அரை மணித்தியாலம் கொடுக்கல் வாங்கலையே நிப்பாட்டி வைச்சவை. அதுக்கு அடுத்த நாள் நீங்கள் வித்திருக்கிறியள்.

இங்க ஒண்டும் நடக்காமலே ஏன் விழுந்தது எண்டு கேட்டிருக்கிறியள். 2006 ஆவணி 11ந் திகதி முகமாலையில சண்டை துவங்கி யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டுப்பட்டது உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். பாதை பூட்டின அண்டைக்கு கடையில சீனி இருந்தது, மா இருந்தது, முதல் நாள் கிடந்த அதே மூட்டை தான். ஆனா விலை ஏறினது, ஏனெண்டா அடுத்த லொறி எப்ப வரும் எண்டு கடைக்காரருக்கும் தெரியாது வாங்கிற சனத்துக்கும் தெரியாது. பேந்து கப்பல் வருதாம் எண்டு ஒரு கதை வந்தா, ஒரு மூட்டை கரையில இறங்க முதலே ஒளிச்சு வைச்சவை சாமான வெளியில எடுப்பினம், விலை இறங்கும், கப்பல் வரேல்லயாம் எண்டா திரும்ப ஏறும். வாற மாசத்தப் பற்றிச் சனத்தின்ர மனசில என்ன பயம் இருந்ததோ அதைத் தான் அந்த விலை காட்டினது.

ஷெயார் விலையும் இதே மாதிரி தான். ஒரு கொம்பனி இண்டைக்கு எத்தின சேட்டுத் தைச்சது எண்டதுக்கு ஆரும் காசு குடுக்கிறேல்ல, இனி வாற அஞ்சு பத்து வருஷத்தில அது உழைக்கப்போறத இண்டைக்கே விலை பேசி வாங்கினம். அந்த வருஷங்களில அமெரிக்காக்காரன் ஓடர் தராமல் விடலாம் எண்ட நினைப்பு வந்தாலே காணும், ஃபெக்டரியில ஒரு மெஷினும் நிக்காமலே விலை இறங்கும்.

அந்த 44 எங்கால வந்தது எண்டு தெரிஞ்சா இன்னும் விளங்கும். அமெரிக்கா எங்களிட்ட வருஷத்துக்கு 300 கோடி டொலர் அளவில சாமான் வாங்குது, நாங்கள் அவையிட்ட வாங்கிறது 40 கோடி டொலரும் வராது. அந்த இடைவெளிய அவை எங்களிட்ட வாங்கிற தொகையால பிரிச்சா 88 வீதம், அதில பாதி 44, அவ்வளவு தான் கணக்கு. எங்கட நாடு அமெரிக்கச் சாமானுக்கு உண்மையில என்ன தீர்வை (இறக்குமதி வரி) போடுது எண்டது அதில எங்கயும் இல்ல. இப்பிடி வந்த இலக்கம் நிக்குமோ நிக்காதோ எண்டு ஆரால சொல்ல ஏலும்? ஏப்ரல் 9ந் திகதி அது துவங்கினது, அண்டைக்கே சீனாவைத் தவிர மற்ற எல்லாருக்கும் 90 நாளுக்கு நிப்பாட்டி 10 வீதம் மட்டும் எண்டு அறிவிச்சினம், அந்த ஒரே நாளில எஸ் அண்ட் பி 500 9.5 வீதம் ஏறினது. ஜூலை 9ந் திகதி எங்கட ஜனாதிபதிக்கு 30 வீதம் எண்டு கடிதம் வந்தது, ஜூலை 31ந் திகதி 20 எண்டு உத்தரவு, ஆகஸ்ட் 7ல அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு நாளைக்குத் தான் 44 வீதம் கடதாசியில இருந்தது, ஏற்கெனவே கப்பல்ல ஏத்திக் கடலில போய்க்கொண்டிருந்த சாமானுக்கு விலக்கும் குடுத்திருந்தவை, அப்பிடிப் பாத்தா இங்க இருந்து கப்பல்ல போன உடுப்பு அதைக் கட்டேல்ல. ஆனா நீங்கள் கட்டியிருக்கிறியள் ரீச்சர், ஒண்டேமுக்கால் லட்சம். எனக்கு அது தான் சரியான கவலை.

சரி, தீர்வை போட்டா உண்மையில ஆர் கட்டுறது? எங்கட கடலில பிடிபடுற நீலக்கால் நண்ட எடுங்கோ. இஞ்ச கரையில வாங்கி அவிச்சுச் சதை எடுத்து பெட்டியில அடைச்சு கனக்க அமெரிக்காவுக்குத் தான் போகுது. அங்க துறைமுகத்தில தீர்வைக் காசக் கட்டுறது அமெரிக்காவில இறக்குமதி செய்யிற ஆள், இலங்கை அரசாங்கமும் இல்ல குருநகர் சம்மாட்டியும் இல்ல. ஆனா அந்த ஆள் சும்மா இருப்பாரோ? கொஞ்சத்த அங்க சாப்பிடுற சனத்தின்ர தலையில போடுவார், கொஞ்சத்த தன்ர லாபத்தில விடுவார், மிச்சத்துக்கு இஞ்ச இருக்கிற கொம்பனிக்கு ஃபோன் எடுத்து விலையக் குறை எண்டுவார், கொம்பனி கரையில வந்து கிலோவுக்கு இவ்வளவு தான் எண்டும், கடைசியா வலை இழுக்கிற ஆளுக்குக் குறையும். எந்த இடத்தில எவ்வளவு நிக்கும் எண்டது அவருக்கு வேற இடத்தில இதைவிட மலிவா நண்டு கிடைக்குமோ எண்டதில இருக்கு. உடுப்பும் அப்பிடித் தான். எங்கட ஏற்றுமதியில கிட்டத்தட்ட நாலில ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகுது, அதில பெரும்பகுதி உடுப்பு. கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கம் ஃபெக்டரியில தைக்கிற எங்கட பிள்ளையள் எல்லாம் இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி. ஷெயார் விலை விழுந்தா ஒரு நாள் திரும்பி ஏறலாம், ஓடர் குறைஞ்சு ஓவர்டைம் வெட்டுப்பட்ட பிள்ளைக்கு அந்த மாசத்துக் காசு போனது போனது தான், அதையும் நாங்கள் மறக்கக் கூடாது.

பாங்க் ஒண்டையும் ஏத்தி அனுப்பிறேல்லயே, அது ஏன் விழுந்தது எண்டு நீங்கள் கேக்கேல்ல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி. உடுப்புக் கொம்பனிக்குக் கடன் குடுத்திருக்கிறது பாங்க் தான். ஓடர் குறைஞ்சா டொலர் வரத்துக் குறையும், டொலர் குறைஞ்சா ரூபாய் இறங்கும், ரூபாய் இறங்கினா சாமான் விலை ஏறும், அதைப் பிடிக்க மத்திய வங்கி வட்டியத் தூக்கலாம். 2022ல அடிபட்ட நாடு எண்டபடியா இந்தச் சங்கிலி எல்லாருக்கும் பாடம், அதனால யோசிச்சுக்கொண்டு நிக்காமல் விக்கினம். அதோட புரோக்கரிட்ட கடனுக்கு ஷெயார் வாங்கின ஆக்கள் இருக்கினம், விலை ஒரு அளவுக்குக் கீழ போனா புரோக்கர் காசு போடு எண்டுவார், போடாட்டி அவரே வித்துப்போடுவார், அது நல்ல ஷெயார் கெட்ட ஷெயார் எண்டு பாக்கிறேல்ல, எது கெதியா விலைப்படுமோ அது தான் முதல் போகும். பாங்க் ஷெயார் கெதியா விலைப்படுறது. ஏப்ரல் மாதிரி நாளில விழுற வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அரசியல் குழப்பம் இதைவிட ஒரு படி மோசம், ஏனெண்டா தீர்வை எண்டா ஒரு இலக்கமாவது கையில இருக்கும். 2018 ஒக்ரோபர் 26ந் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜனாதிபதியா இருந்த மைத்திரி, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமர் ஆக்கினார், ரணில் நான் தான் பிரதமர் எண்டார், அம்பது நாளுக்கு மேல நாட்டில ஆர் பிரதமர் எண்டு தெரியாது. புயல் இல்ல, வெள்ளம் இல்ல, ஒரு கொம்பனியும் பூட்டேல்ல, ஆனா வெளிநாட்டுக்காரர் காச எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டினம், ரூபாய் இறங்கினது, நாடுகளுக்குக் கடன் குடுக்கலாமோ எண்டு மதிப்பிடுற மூண்டு பெரிய தரப்படுத்தல் நிறுவனமும் டிசம்பர் தொடக்கத்துக்குள்ள எங்கட நாட்டின்ர தரத்தக் குறைச்சவை. ஒப்பந்தத்தில ஆர் கையெழுத்து வைக்கிறது, வரவு செலவுத் திட்டம் ஆர் கொண்டுவாறது எண்டு தெரியாத நாட்டுக்கு ஆர் காச நம்பிக் குடுக்கிறது?

2022 நீங்கள் அனுபவிச்சதைத் திரும்பச் சொல்லத் தேவையில்ல, மண்ணெண்ணெய்க்கு நீங்களும் வரிசையில நிண்டிருப்பியள். ஆனா ரெண்டு மூண்டு இலக்கம் சொல்லுறன், காசு விஷயத்தில அது தேவை. 2021 முடிவில 12,226ல நிண்ட கொழும்பு ஷெயார் மார்க்கெட்டின்ர அனைத்துப் பங்குச் சுட்டெண் 2022 முடியேக்க 8,500ம் இல்ல, டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போனது, ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே நாளில வட்டிய 7 வீதப் புள்ளியால தூக்கினது. இதைத் திருப்பிப் பாருங்கோ, 2024 செப்ரெம்பர்ல ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் அநுர வந்தா எல்லாம் கவிழும் எண்டு பயந்து நிண்ட மார்க்கெட், அவர் வந்து ஐஎம்எஃப் ஒப்பந்தத்தத் தொடருறம் எண்டு சொன்ன பிறகு, நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில 159 ஆசனம் எடுத்த பிறகு, 12,000க்குக் கீழ இருந்த சுட்டெண் வருஷ முடிவில 16,000க்குக் கிட்டப் போச்சுது. அந்த மூண்டு மாசத்தில ஃபெக்டரியள் ரெண்டு மடங்கா உற்பத்தி செய்யேல்ல. பயந்தது நடக்கேல்ல எண்டது தான் அந்த ஏத்தம்.

இனி 20 வீதம் எண்டது முடிஞ்ச கதையோ? என்ர மதிப்பில இல்ல. 2025 ஆகஸ்ட்ல வியட்நாமுக்கும் பங்களாதேஷுக்கும் அதே 20, பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19, இந்தியாவுக்கு 25 போட்டு ரஷ்யாட்ட எண்ணெய் வாங்கிறதுக்கு மேல இன்னொரு 25 எண்டு அறிவிச்சவை, அதால எங்கட தையல் ஃபெக்டரியள் பக்கத்துக்காரரோட ஒப்பிடேக்க பின்னுக்குப் போகேல்ல, அது பெரிய ஆறுதல். ஆனா அமெரிக்காவில ஒரு சேட்டின்ர விலை ஏறினா அங்க சனம் மூண்டு வாங்கிற இடத்தில ரெண்டு தான் வாங்கும், அந்தக் குறைவு எல்லா நாட்டுக்கும் சேத்துத் தான் வரும். அதோட மே மாசம் அமெரிக்காவின்ர சர்வதேச வர்த்தக நீதிமன்றமே இந்தத் தீர்வை சட்டத்துக்குப் புறம்பு எண்டு தீர்ப்புச் சொல்லி, அரசாங்கம் மேன்முறையீட்டுக்குப் போய், 2025ல வழக்கு நடக்கேக்கயும் தீர்வை ஓடிக்கொண்டு தான் இருந்தது. இன்னும் ரெண்டு மூண்டு தரம் ஏறி இறங்கக் கூடிய விஷயம் இது, அப்பிடி நினைச்சுக்கொண்டே முடிவெடுங்கோ.

இப்ப உங்கட காசுக்கு வாறன். உங்கட கேள்வி ஷெயாரப் பற்றி, ஆனா எனக்கு வயித்தக் கலக்கினது அந்த முப்பது லட்சம். ஒரே ஃபினான்ஸ் கொம்பனியில முப்பது லட்சம் வைக்காதேங்கோ ரீச்சர், தயவு செய்து. வைப்புக் காப்புறுதி எண்டு மத்திய வங்கி நடத்திறது ஒண்டு இருக்கு, ஒரு நிறுவனத்தில ஒரு ஆளுக்கு 11 லட்சம் மட்டும் தான் அதில காப்பு, மிச்சம் பத்தொன்பது லட்சம் அந்தக் கொம்பனி நிண்டா தான் உங்கட காசு. முந்தியும் ஃபினான்ஸ் கொம்பனியள் விழுந்து சனம் வருஷக் கணக்கா அலைஞ்சது உங்களுக்குத் தெரியும். ட்ரம்ப் என்ன செய்வார் எண்டது எங்கட கையில இல்ல, இது உங்கட கையில இருக்கு. முதல்ல அந்தக் கொம்பனி மத்திய வங்கியின்ர அனுமதிப்பத்திரம் எடுத்த பட்டியல்ல இருக்கோ எண்டு பாருங்கோ, இருந்தா அவசரப்பட்டு உடைக்க வேண்டாம், இடையில உடைச்சா வட்டி வெட்டுவினம், முதிருற நேரம் மூண்டாப் பிரிச்சு ரெண்டு பங்க ரெண்டு பெரிய பாங்க்கில போடுங்கோ. வட்டி ஒண்டு ஒண்டரை வீதம் குறையும், குறையட்டும்.

கலியாணக் காசு பன்ரண்டு லட்சத்த முதல்ல ஒதுக்குங்கோ. வைகாசிக்கு இன்னும் ஒன்பது மாசம் கூட வடிவா இல்ல, அந்தக் காசு ஷெயார்ல ஒரு சதமும் போகக் கூடாது, ஏப்ரல் மாதிரி ஒண்டு வாற சித்திரையில வந்தா மண்டபக்காரர் பொறுக்க மாட்டார். கையில இருக்கிற ஆறேகால் லட்சம் இதுக்குத் தான். அதை ஆறு மாசத் திறைசேரி உண்டியலில போடலாம், உண்டியல் எண்ட உடன வெளிநாட்டுக் காசு மாத்திற உண்டியல நினைக்காதேங்கோ, இது அரசாங்கம் சனத்திட்ட கடன் வாங்கிற பத்திரம், பாங்க்கில கேட்டா எடுத்துத் தருவினம், 2025 ஆகஸ்ட்ல வட்டி 8 வீதத்துக்குக் கிட்ட இருந்தது. மிச்ச அஞ்சேமுக்கால ஃபிக்ஸட் முதிரேக்க அதில இருந்து எடுங்கோ.

இன்னொண்டு, 2025 ஏப்ரல்ல இருந்து வட்டியில 10 வீதம் வரி பிடிக்கினம் எல்லோ, உங்கட வட்டியும் வரிக்குக் கணக்கெடுக்கிற மற்ற வருமானமும் எல்லாம் சேத்து வருஷத்துக்கு 18 லட்சத்துக்கு மேல போகாட்டி பாங்க்கில ஒரு பிரகடனப் பத்திரம் நிரப்பிக் குடுத்தாப் பிடிக்க மாட்டினம், கனபேர் தெரியாமல் விட்டிட்டு இருக்கினம்.

பவுன் விஷயம். மகளுக்குப் போடுற நகை எப்பிடியும் வாங்கத் தான் போறியள் எண்டா அதை இப்பவே கொஞ்சம் கொஞ்சமா வாங்குறது சரி, அது செலவுக் கணக்கு. ஆனா முதலீடு எண்டு கஸ்தூரியார் வீதியில போய் அட்டியல் வாங்கிறதுக்கு நான் ஓம் சொல்ல மாட்டன், செய்கூலியும் சேதாரமும் குடுத்து வாங்கி விக்கேக்க அது ரெண்டும் போயிடும். அதோட உலகத்தில பவுன் ஏற்கெனவே கனக்க ஏறி நிக்குது, இதே தீர்வைப் பயத்தில தான் 2025 ஏப்ரல்ல ஒரு அவுன்ஸ் 3,500 டொலர் வரைக்கும் போனது, அந்தப் பயம் குறைஞ்சா விலையும் இறங்கலாம். பவுன் இறங்காது எண்டு எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை, உலக விலை விழுந்த சில வருஷங்கள ரூபாய் விழுந்து மறைச்சுப்போட்டுது, அது தான் உண்மை.

டொலர் வை எண்டு தம்பி சொல்லுறது அவற்ற இடத்தில இருந்து பாத்தாச் சரி, கனடாவும் இதே அடியில தான் இருக்கு, இரும்புக்கும் காருக்கும் போட்ட தீர்வையால அங்கத்த ஃபெக்டரிக்காரரும் பயந்து போய் இருக்கினம். அவர் காசு அனுப்பினா அதில ஒரு பங்க டொலர்க் கணக்கிலயே விட்டு வையுங்கோ, 2022ல அப்பிடி விட்டவை தப்பினவை. ஆனா உங்கட செலவு முழுக்க ரூபாயில, கலியாணமும் ரூபாயில. 360க்குப் போன நேரம் பயந்து டொலர் வாங்கினவைக்கு 2025 ஆகஸ்ட்ல 300க்குக் கிட்ட நிக்கேக்க நட்டம் தான். ரூபாயக் குடுத்து வெளியில டொலர் தேடி வாங்கவே வேண்டாம்.

ஷெயார் திரும்ப வாங்கலாமோ? விட்ட ஒண்டேமுக்கால் லட்சத்த எடுக்கோணும் எண்ட எண்ணத்தில எண்டா வேண்டாம். என்ர பெரியப்பா ஒராள், சண்டை முடிஞ்ச 2009ல சுட்டெண் 125 வீதமும் அடுத்த வருஷம் 96 வீதமும் ஏறினதப் பாத்துப்போட்டு, 2011 தொடக்கத்தில காணி வித்த காசோட இறங்கினவர், அந்த வருஷமும் இறக்கம் அடுத்த வருஷமும் இறக்கம், விட்டதப் பிடிக்க எண்டு இன்னும் போட்டார், கடைசியா மகனின்ர படிப்புக் காசும் போச்சுது. அவற்ற முகம் எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. கலியாணம் முடிஞ்ச பிறகு, அஞ்சு வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத காசு எண்டு ஏதும் மிஞ்சினா, அதில மூண்டு நாலு லட்சத்துக்கு மேல வேண்டாம், அதையும் ஒரே நாளில போடாமல் மாசம் முப்பதாயிரம் எண்டு ஒரு நல்ல யூனிட் ட்ரஸ்ட்டில (கனபேரின்ர காசச் சேத்துக் கனக்கக் கொம்பனியளில பிரிச்சுப் போடுற நிதி) போடுங்கோ, விழுந்த மாசம் அதே காசுக்குக் கூட யூனிட் வரும். ஒரு உடுப்புக் கொம்பனியையும் ஒரு பாங்க்கையும் மட்டும் நம்பி இருந்தபடியா தான் உங்களுக்கு அந்த அடி. வட்ஸ்அப் குரூப்பில இண்டைக்கு இதை வாங்குங்கோ எண்டு வாற ஒண்டையும் தொடாதேங்கோ, மருமகன் அனுப்பினாலும் தான், அவரோட கோவிக்க வேண்டாம், அவர் நல்ல மனசோட தான் சொல்லியிருப்பார்.

ஃபிக்ஸட் எப்ப முதிருது எண்டு நீங்கள் எழுதேல்ல. அது வைகாசிக்கு முதலோ பிறகோ எண்டதில கலியாணக் காசின்ர கணக்கே மாறும், அதனால சான்றிதழ்ல இருக்கிற முதிர்வுத் திகதியையும் வட்டி வீதத்தையும், மாசா மாசம் வட்டி எடுக்கிறியளோ கடைசியில எடுக்கிறியளோ எண்டதையும் எழுதி அனுப்புங்கோ, எந்த மாசம் எவ்வளவு எங்க மாத்துறது எண்டு கணக்குப் போட்டுத் தாறன்.